தோட்டா நிரப்பளவு அட்டவணைகள் மாறுவது ஏன்?

துப்பாக்கியிற் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு, சுட்ட பின்னரும் பெரும்பாலும் பழுதின்றியே எஞ்சுகின்றது. அக்கூட்டைத் துடைத்துப் பழைய வடிவிற்குக் கொணர்ந்து, புதிய கேப்பு ஒன்றைப் பொருத்தி, அளந்தெடுத்த வெடிமருந்தை இட்டு, வாயிற் புதிய குண்டு ஒன்றைச் செருகினால் அது மீண்டும் தோட்டாவாகின்றது. குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் ஈடுபட்டோர் இவ்வாறு தம் கையாலேயே தோட்டாக்களை நிரப்பிக்கொள்ளும் வழக்கம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. அவர்கள் துணையாகக் கொள்வது, வெடிமருந்து உற்பத்தியாளரும் குண்டு உற்பத்தியாளரும் வெளியிடும் அட்டவணைகளையே. இன்ன தோட்டாவிற்கு, இன்ன எடையுள்ள குண்டிற்கு, இன்ன வெடிமருந்தில் தொடக்க அளவு இவ்வளவு, உச்ச அளவு இவ்வளவு என்று அவை கூறும்.

இங்கு ஓர் ஐயம் எழுகின்றது. தந்தை வைத்திருந்த பழைய நூலையும் அண்மையில் வெளிவந்த நூலையும் ஒருவர் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே தோட்டாவிற்கு, ஒரே பெயருடைய மருந்திற்கு, இரண்டு நூல்களும் இருவேறு எண்களைக் கூறுவதைக் காண்பார். பல இடங்களில் புதிய உச்ச அளவு குறைவாக இருக்கும். சில இடங்களில் கூடுதலாகவும் இருக்கும். வழக்கு மன்றத்திற்கு அஞ்சி நிறுவனங்கள் அளவைக் குறைத்துவிட்டன என்பர் சிலர். பழைய நூலார் பிழை செய்தனர் என்பர் வேறு சிலர். இவ்விரண்டு விளக்கங்களும் போதியவை அல்ல. இவற்றை நம்பிப் பழைய எண்ணைப் புதிய மருந்திற்குப் பயன்படுத்துவோர் விரலையோ கண்ணையோ இழக்க நேரிடலாம்.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் தோட்டா உற்பத்தி செய்தல் குற்றமாகும். ஆதலால் இக்கட்டுரை தோட்டா நிரப்புவதற்கு வழிகாட்டி அன்று. ஆனால், அச்சிட்ட அட்டவணையைக் கையிற் கொண்டு பணியாற்றும் களப்பணியாளருக்கும், அதனை மாணவருக்கு விளக்கும் ஆசிரியருக்கும் இதனின்று அறியத்தக்கது ஒன்று உண்டு.

குழலுக்குள் நிகழ்வது

புகையற்ற வெடிமருந்தை 1884ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு வேதியியலாளர் பால் வியேல் என்பவர் உருவாக்கினார். துப்பாக்கியினுள் இம்மருந்து ஒரே கணத்தில் சிதறி வெடிப்பதில்லை; மிக விரைவாக எரிகின்றது. எரிவதால் வாயு உண்டாகின்றது; வாயுவினால் அழுத்தம் உயர்கின்றது; அழுத்தம் உயர உயர மருந்து மேலும் விரைவாக எரிகின்றது. காரணமும் விளைவும் ஒன்றையொன்று வளர்க்கும் இத்தன்மையே இங்கு அடிப்படையானது. இதனால், நிரப்பும் மருந்தைச் சிறிது கூட்டினால் அழுத்தமும் அதே விகிதத்தில் கூடும் என்று எண்ணலாகாது. உச்ச அளவை நெருங்கிய நிலையில் சிறு மிகுதியும் பெரிய அழுத்த உயர்வைத் தரக்கூடும்.

இந்நிகழ்ச்சி முழுவதும் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கிற்குள் முடிந்துவிடுகின்றது. அதற்குள் ஒரு பெரிய ரைபிள் தோட்டாவில் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 60,000 பவுண்டு அளவை எட்டலாம். இது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 4,000 மடங்கு. மோட்டார் வண்டிச் சக்கரத்திலுள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 2,000 மடங்கு. சுடுபவரின் முகத்திற்கும் இவ்வழுத்தத்திற்கும் இடையே நிற்பவை பித்தளைக் கூட்டின் சுவரும் துப்பாக்கியின் எஃகுப் பூட்டுமே. ஆகவே, அழுத்தத்தை அளந்தறிவதே அட்டவணை தயாரிப்போரின் தலையாய பணியாகின்றது.

செம்புத் துண்டின் சாட்சியம்

இத்துணைக் குறுகிய நேரத்தில் எழுந்து மறையும் அழுத்தத்தை அளப்பது எங்ஙனம்? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் பீரங்கியியல் வல்லுநர் ஆண்ட்ரூ நோபிள் என்பவர் பயன்படுத்திய முறை எளியது. குழலின் மருந்தறையில் ஒரு துளையிட்டு, அதிற் சிறிய உந்துதண்டு ஒன்றைப் பொருத்துவர். அத்தண்டிற்கும் அசையாத ஓர் எஃகுத் தாங்கிக்கும் இடையே தூய செம்பினாலான சிறு உருளை ஒன்றை வைப்பர். சுடும்போது வாயு தண்டைத் தள்ள, செம்பு நசுங்கிக் குறுகும். நசுங்கிய நீளத்தை நுண்ணளவியால் அளந்து, முன்பே தயாரித்த ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்து அழுத்தத்தைக் கூறுவர்.

இம்முறை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் உலகெங்கும் பயன்பட்டது. ஆயின் அதில் ஒரு குறை இருந்தது. செம்பு நசுங்குவதற்குச் சிறிது நேரம் வேண்டும். காய்ச்சல் கண்டவர் நாவின் கீழ் வைத்த பாதரச வெப்பமானியைச் சில வினாடிகளிலேயே வெளியே எடுத்துவிட்டால் அது உண்மையான வெப்பநிலையை எட்டியிராது; எட்டிய மட்டத்தையே காட்டும். அதுபோலவே, அழுத்தம் உச்சியை அடைந்து இறங்குவதற்குள் செம்பு எவ்வளவு நசுங்க முடிந்ததோ அவ்வளவையே அது காட்டிற்று. உண்மையான உச்சம் பெரும்பாலும் அதற்கு மேல் இருந்தது. அன்றியும், செம்பு தந்தது ஒரே ஓர் எண். அழுத்தம் எப்போது எழுந்தது, எவ்வாறு எழுந்தது, இருமுறை எழுந்ததா என்பன பற்றி அது ஒன்றும் கூறவில்லை.

மின்னளவி வந்த பின்னர்

சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னேற்றம் தோன்றும் என்பதை ஜாக் கியூரி, பியேர் கியூரி என்னும் சகோதரர்கள் 1880இல் கண்டறிந்தனர். இப்பண்பைக் கொண்டு இயங்கும் அழுத்தமானிகள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோட்டாச் சோதனைக் கூடங்களிற் படிப்படியாக இடம்பெற்றன. இவை ஒவ்வொரு சுடுதலின்போதும் அழுத்தம் ஏறி இறங்கும் முழுக்கோட்டையும் வரைந்து காட்டுகின்றன. செம்பு காணத் தவறிய உச்சி இப்போது தெரியலாயிற்று.

இதனால் ஒரே தோட்டாவிற்கு இரண்டு எண்கள் வழக்கில் வந்தன. குழப்பத்தை நீக்கும்பொருட்டுப் பழைய முறையில் கிடைத்த எண்ணைச் 'செம்பு நசுக்க அலகு' என்றும், புதிய முறையில் கிடைத்ததைச் 'சதுர அங்குலத்திற்குப் பவுண்டு' என்றும் வேறுபடுத்தினர். அமெரிக்காவில் 1926இல் நிறுவப்பெற்ற விளையாட்டுத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர் கழகம் வெளியிட்ட உச்ச வரம்புகளிற் சிலவற்றைப் பார்ப்போம். .30-06 தோட்டாவிற்குச் செம்பு அலகில் 50,000. பவுண்டு அளவில் 60,000. .308 வின்செஸ்டர் தோட்டாவிற்கு 52,000, 62,000. .223 ரெமிங்டன் தோட்டாவிற்குச் செம்பு அலகில் அதே 52,000. ஆனால் பவுண்டு அளவில் 55,000 மட்டுமே. பழைய .45-70 தோட்டாவிற்கு இரண்டு அளவிலும் 28,000.

இவ்வெண்களை ஊன்றிக் கவனிக்க வேண்டும். .308, .223 ஆகிய இரண்டும் செம்பு அலகில் ஒன்றே. பவுண்டு அளவில் 7,000 வேறுபாடு. ஆகவே அடியை மீட்டராக்குவது போல ஓர் எண்ணாற் பெருக்கி ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிட இயலாது. ஒவ்வொரு தோட்டாவையும் புதிய கருவியால் மீண்டும் சுட்டு அளந்தே தீர வேண்டும். நூல்களில் எண்கள் மாறியதற்கு ஒரு பெருங்காரணம் இவ்வாறு மீண்டும் அளந்ததே ஆகும்.

பெயரிடுவதில் நேர்ந்த கவனக்குறைவு எத்தகைய மயக்கத்தை விளைக்கும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. செம்பு முறையில் அளந்த எண்ணையும் நெடுங்காலம் 'சதுர அங்குலத்திற்குப் பவுண்டு' என்றே எழுதி வந்தனர். அமெரிக்க இராணுவத்தின் தொழில்நுட்பக் கையேடு 7.62 மி.மீ. நாட்டோ தோட்டாவின் அழுத்தத்தை 50,000 பவுண்டு என்று குறித்தது. அது செம்பினால் அளந்த எண். அதனோடு வடிவில் ஏறத்தாழ ஒத்த .308 வின்செஸ்டர் தோட்டாவின் வரம்பு மின்னளவியில் 62,000 பவுண்டு. இவ்விரண்டையும் அருகருகே கண்டோர், பின்னது 12,000 பவுண்டு மிகுதியுடையது என்று முடிவு கட்டினர். ஐரோப்பாவில், 1914இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் தோன்றிய சர்வதேச நிலை ஆணைக்குழுவின் முறைப்படி .308 தோட்டாவின் வரம்பு 4,150 பார்; அதாவது ஏறக்குறைய 60,000 பவுண்டு. நாட்டோ தோட்டாவின் வரம்பும் அதே அளவினது. எனவே, 12,000 பவுண்டு வேறுபாடு என்று கருதப்பெற்றதில் பெரும்பகுதி தோட்டாவில் இல்லை, அளவுகோலிலேயே இருந்தது. ஒரு சொல் இருபொருள் பட நின்றதனால் விளைந்த பிழை இது. மொழிபெயர்ப்போரும் இதனை மனத்திற் கொள்வது நன்று.

எல்லா மாற்றமும் அளவுகோலால் வந்ததே என்றும் கொள்ளலாகாது. 1935இல் வெளிவந்த .357 மேக்னம் கைத்துப்பாக்கித் தோட்டாவிற்குச் செம்பு அலகில் வரம்பு 45,000. இன்று மின்னளவி முறையில் வரம்பு 35,000 பவுண்டு. மின்னளவி பொதுவாக உயர்ந்த எண்ணையே காட்டும் என்று மேலே கண்டோம். அவ்வாறிருந்தும் இங்கு எண் தாழ்ந்துள்ளது. இது வரம்பையே உண்மையாகக் குறைத்ததன் விளைவு. ஆகவே ஓர் எண் மாறியிருக்கக் கண்டால், கருவி மாறியதா, விதி மாறியதா, பொருள் மாறியதா என்று தனித்தனியே வினவ வேண்டும்.

ஒரே பெயர், வேறு மருந்து

பொருள் மாறுவதற்கு எடுத்துக்காட்டாக ஒரு வெடிமருந்தின் வரலாற்றைக் கூறலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர் அமெரிக்க அரசிடம் வெடிமருந்து பெருமளவில் மிஞ்சியிருந்தது. புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் அதனை மலிவாக வாங்கித் தோட்டா நிரப்புவோருக்கு விற்றார். அவற்றுள் ஒன்று, 20 மி.மீ. பீரங்கிக்காகச் செய்யப்பெற்ற 4831 எண் மருந்து. மெல்ல எரியும் இம்மருந்து பெரிய ரைபிள் தோட்டாக்களுக்கு மிகவும் பொருந்திற்று. பல ஆண்டுகளுக்குப் பின் அவ்விருப்புத் தீர்ந்தது. பின்னர் 'எச் 4831' என்னும் பெயரில் ஸ்காத்லாந்திலும், அதன் பின் ஆஸ்திரேலியாவிலும் புதிதாகச் செய்யப்பெற்றது. பெயரும் எண்ணும் நிலைத்தன. செய்த ஆலையும் செய்த காலமும் வேறாயின. எரியும் இயல்பும் முற்றிலும் ஒன்றாக இருக்க முடியாது. இதற்கிடையே 1970களில் 'ஐ.எம்.ஆர். 4831' என்னும் மற்றொரு மருந்தும் கடைக்கு வந்தது. எண் அதே 4831. ஆனால் அது எச் 4831ஐ விட விரைவாக எரிவது. ஒன்றிற்குரிய உச்ச அளவை மற்றொன்றிற்கு இட்டால் அழுத்தம் வரம்பு கடக்கும். பழைய நூலில் '4831' என்று மட்டும் குறித்திருந்தால், அது எந்த 4831 என்பதை நூல் வெளிவந்த ஆண்டைக் கொண்டே ஓரளவு உணர முடியும்.

இதனைப் போன்ற நிகழ்ச்சி அதற்கு முன்னரும் உண்டு. 1889இல் பிரிட்டனில் உருவான கார்டைட் என்னும் மருந்தில் நைட்ரோகிளிசரின் 58 சதவீதம் இருந்தது. அதன் வெப்பத்தால் குழல்கள் விரைவில் அரிப்புண்டமையால், 1901இல் நைட்ரோகிளிசரினை 30 சதவீதமாகக் குறைத்து மாற்றியமைத்தனர். கார்டைட் என்னும் பெயர் மாறவில்லை, 'எம்.டி.' என்னும் இரண்டெழுத்து மட்டும் சேர்ந்தது. அவ்விரண்டெழுத்தைக் காணாது படிப்பவர் வேறொரு மருந்தின் கணக்கைப் படிப்பவராவார்.

மேலும், ஒரே ஆலையில் ஒரே பெயரிற் செய்யப்பெறும் மருந்தும் வார்ப்புக்கு வார்ப்புச் சிறிது வேறுபடும். தோட்டா ஆலைகள் ஒவ்வொரு வார்ப்பையும் அழுத்தமானிக் குழலிற் சுட்டுப் பார்த்து நிரப்பளவைத் திருத்திக்கொள்கின்றன. தனி மனிதரிடம் அக்கருவி இல்லை. ஆதலின் அவருக்கு விற்கும் மருந்தை மட்டும், பல வார்ப்புகளைக் கலந்து, குறித்த எல்லைக்குள் நிற்குமாறு செய்து விற்கின்றனர். அட்டவணையின் உச்ச அளவும் அவ்வெல்லையை உளங்கொண்டே வகுக்கப்பெறுகின்றது.

கூடு, கேப்பு, குண்டு, வெப்பம்

மருந்து ஒன்றே ஆயினும் பிற உறுப்புகள் மாறக்கூடும். புறவளவு ஒன்றாக இருக்கும் இரண்டு கூடுகளில் ஒன்றன் சுவர் தடித்திருந்தால், அதன் உள்ளிடம் குறையும். அதே மருந்து குறுகிய இடத்தில் எரிந்தால் அழுத்தம் உயரும். முற்காலத்துக் கேப்புகளில் இரசப் பல்மினேட்டும், பின்னர்ப் பொட்டாசியம் குளோரேட்டும் பயன்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஈய ஸ்டிப்னேட்டு அவற்றின் இடத்தைப் பெற்றது. பற்றவைக்கும் சுடர் மாறினால் எரிதலின் தொடக்கமும் மாறும். ஈயத்தின் மேற் செம்புறை இட்ட குண்டும், முழுவதும் செம்பாலான குண்டும் எடையில் ஒன்றாயினும் நீளத்தாலும் கடினத்தாலும் வேறானவை. குழலின் வரிகளில் அவை நுழையும் எதிர்ப்பும் வேறாகும். ஆகவேதான் நல்ல அட்டவணைகள் எந்தக் கூடு, எந்தக் கேப்பு, எந்தக் குண்டு, எத்தனை அங்குலக் குழல் என்பவற்றையும் உடன் கூறுகின்றன. படிப்போர் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் பகுதியும் இதுவே.

வெப்பநிலையும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது. மருந்து முன்னரே சூடேறியிருந்தால் விரைவாக எரிந்து மிகுந்த அழுத்தத்தைத் தரும். கார்டைட்டிற்கு இக்குணம் மிகுதி. குளிர்நாடாகிய இங்கிலாந்திற் பொருந்திய நிரப்பளவு, இந்தியாவின் கோடையில் மிகையாயிற்று. சுட்ட கூடு அறையில் இறுகி வெளிவர மறுத்தது. ஆகவே பிரிட்டிஷ் உற்பத்தியாளர், அக்காலத்தில் வெப்ப நாடுகளுக்கென்று அளவு குறைத்த தனித் தோட்டாக்களைச் செய்து விற்றனர். 1903இல் நீலகிரி மாவட்டத்து அருவங்காட்டில் தொடங்கப்பெற்ற கார்டைட் தொழிற்சாலையை அறிந்த நம்மவருக்கு இம்மருந்தின் பெயர் புதிதன்று. சோதனைக் கூடங்கள் இன்று தோட்டாவை ஏறக்குறைய 21 பாகை சென்டிகிரேடில் வைத்தே அளக்கின்றன. சித்திரை வெயிலில் மூடிய வண்டியினுள் கிடந்த தோட்டாவிற்கு அவ்வெண் அப்படியே பொருந்தாது.

துப்பாக்கியின் வலிமையும் எண்ணை நிர்ணயிக்கின்றது. .45-70 தோட்டாவின் வரம்பு இன்றும் தாழ்ந்தே இருப்பது, எஃகு வலுப்பெறாத 1873ஆம் ஆண்டுக் காலத்துத் துப்பாக்கிகள் இன்னும் பயன்படக்கூடும் என்பதனாலேயே. அட்டவணை, வல்ல துப்பாக்கிக்கு மட்டுமன்றி மெலிந்த துப்பாக்கிக்கும் பொறுப்பேற்க வேண்டியிருக்கின்றது.

எண்ணோடு உடன் செல்ல வேண்டியவை

மேற்கூறியவற்றால் பழைய அட்டவணை பொய் கூறவில்லை என்பது தெளிவு. அன்றைய கருவியால், அன்றைய மருந்தை, அன்றைய கூட்டில் இட்டு அளந்து கண்டதை அது உள்ளவாறே கூறிற்று. அந்நிலைமைகள் இன்று இல்லை. எண் மட்டும் தாளில் எஞ்சி நிற்கின்றது. நிலைமையைப் பிரிந்த எண்ணே ஆபத்தானது.

களப்பணியாளர் இவ்வுண்மையைத் தம் பணியிலேயே காணலாம். சிந்திரி ஆலை 1951இல் உற்பத்தியைத் தொடங்கிய காலத்தில் நம் நாட்டில் பெரிதும் வழங்கிய தழையுரம் அம்மோனியம் சல்பேட்டு. அதில் தழைச்சத்து ஏறக்குறைய 21 சதவீதம். இன்று பெரிதும் வழங்கும் யூரியாவில் 46 சதவீதம். 'உரம் 100 கிலோ' என்று மட்டும் எழுதிய ஒரு பழைய பரிந்துரை, அம்மோனியம் சல்பேட்டைக் கருதியதாயின், அது 21 கிலோ தழைச்சத்தைக் குறித்ததாகும். அதே எண்ணைக் கொண்டு யூரியா இட்டால் 46 கிலோ சென்று சேரும். பயிர் மிகுந்து வளர்ந்து சாயவும், பூச்சி நோய்க்கு இடமாகவும் கூடும். 21 கிலோ தழைச்சத்திற்கு ஏறக்குறைய 46 கிலோ யூரியாவே போதும். பரிந்துரையில் பிழை இல்லை; அதிலிருந்த உரத்தின் பெயர் விடுபட்டதே பிழை.

ஆதலின், எந்த அட்டவணையாயினும் அதனைக் கையாள்வோர் சிலவற்றைக் கடைப்பிடிப்பது நலம். முதலாவதாக, அட்டவணை வெளிவந்த ஆண்டையும் வெளியிட்டோரையும் எண்ணோடு சேர்த்தே எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாவதாக, அலகின் பெயரை முழுமையாக எழுத வேண்டும். மூன்றாவதாக, எண்ணிற்கு அடியிலுள்ள குறிப்புகளை எண்ணைப் படிக்கும் அதே கவனத்துடன் படிக்க வேண்டும். நான்காவதாக, இரண்டு அட்டவணைகள் முரண்பட்டால் நடு எண் ஒன்றைத் தாமாகக் கண்டு கொள்ளலாகாது. எந்நிலைமைகளில் அவை வேறுபட்டன என்று தேடிக் கண்டு, தம் கையிலுள்ள பொருளுக்கு உரியதை மட்டுமே பின்பற்ற வேண்டும். பழைய அட்டவணையை எரித்துவிட வேண்டுவதில்லை. ஆனால் 'வரலாற்றுக்கு மட்டும்' என்று அதன் மேலுறையில் எழுதி வைத்தல் நன்று.

ஆசிரியர்கள் வகுப்பறையில் இதனை எளிதாக விளக்கலாம். ஒரே அளவான வெந்நீர்க் கிண்ணத்தில் வெப்பமானி ஒன்றை வைத்து, ஒரு மாணவனை 5 வினாடியிலும் மற்றொருவனை 2 நிமிடத்திலும் அளவு படிக்கச் செய்க. இருவரும் கரும்பலகையில் தத்தம் எண்ணை மட்டும் எழுதட்டும். 'இருவரில் யார் தவறு செய்தார்?' என்று வகுப்பை வினவுக. இருவரும் கண்டதைக் கண்டவாறே எழுதினர் என்பதையும், எத்தனை வினாடியிற் படித்தோம் என்பதை எழுதாமல் விட்டதே குறை என்பதையும் மாணவர் தாமே கூறுவர். அதனைக் கூறிய பின்னர் இருவரையும் மீண்டும் கரும்பலகைக்கு அழைத்து, விடுபட்டதை எண்ணின் அருகே எழுதச் செய்க.